ஃபீல்ட் டூ பேசுகிறேன்

பேஜர் கம்பெனியில் மற்ற எல்லோருக்கும் பேஜரைக் கத்த வைக்கிற வேலை. எனக்கு மட்டும் அது கத்தாத இடத்தைத் தேடிப் போகிற வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கைத்தொலைபேசி செங்கல் கனத்தில் இருந்தது, அதுவும் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களின் காரில் மட்டும் இருந்தது. மற்ற ஜனமெல்லாம் இடுப்பில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைச் செருகிக்கொண்டு திரிந்தோம். உங்களைத் தேடுகிறவர் எங்கள் கம்பெனிக்குப் போன் அடித்து, உங்கள் பேஜர் நம்பரையும் சேதியையும் ஓப்பரேட்டரிடம் சொல்வார். அவள் அதைத் தட்டி அனுப்பியதும் உங்கள் இடுப்பு 'பீப் பீப்' என்று கத்தும், பெட்டியின் கண்ணாடியில் எழுத்து ஓடும். கல்யாண மண்டபத்திலும் சாவு வீட்டிலும் அதைக் கத்தவிட்டு, நாலு பேர் முறைக்க வெளியே ஓடி, காசு போடுகிற போனைத் தேடி அலைந்த ஜென்மங்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களை யாரோ கூப்பிட்டார்கள், அதனால் ஓடினீர்கள். என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

வராத இடம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படி. மல்லிகை வாசனையோடு ஏறினால் மேலே எங்கள் கம்பெனி. நான் சேர்ந்தபோது ஒரே ஒரு கூடம், நாலு மேசை, தலைக்கு மேலே சத்தம் போடுகிற ஏர்கான், அவ்வளவுதான். மேனேஜர் நடராஜா யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். அரசாங்கத் தொலைபேசி இலாகாவில் தலை நரைத்து, பென்ஷன் வாங்கிய கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். என் கையில் ஒரு பேஜரும், கிள்ளான் பள்ளத்தாக்கின் வரைபடமும், ஒரு பை நிறையச் சில்லறையும் கொடுத்தார்.

வேலை சுலபம். ஏதாவது ஒரு இடத்துக்குப் போக வேண்டும். பொதுத் தொலைபேசியிலிருந்து கம்பெனியின் டெஸ்ட் லைனுக்கு அடித்து, நிற்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிற ஓப்பரேட்டர் என் பேஜருக்கு 'டெஸ்ட்' என்று ஒரு வார்த்தை அனுப்புவாள். பேஜர் கத்தினால் மறுபடி அடித்து "கிடைச்சது" என்று சொல்ல வேண்டும். கத்தாவிட்டால் "கிடைக்கல" என்று சொல்லிவிட்டு, வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் சுழிக்க வேண்டும். பிறகு கம்பெனி அந்தப் பக்கம் ஒரு கம்பத்தை நட்டு ஆண்டெனா மாட்டும். ஃபீல்ட் ஒன் என்கிற சீனப் பையனுக்கு வேன் கொடுத்திருந்தார்கள். ஃபீல்ட் டூ ஆகிய எனக்குப் பஸ். எந்த இடத்தில் ஆரம்பிக்கட்டும் என்று கேட்டேன். நடராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பீப் வாற இடத்தைச் சேல்ஸ்காரர் பார்த்துக்கொள்ளுவினம், தம்பி. நீர் வராத இடமாப் பார்த்துப் போய் நில்லும்."

பேர் போய் நம்பர் வந்தது

வளர்ச்சி என்றால் அப்படி ஒரு வளர்ச்சி. ஆறு மாதத்தில் பக்கத்து மாடியை எடுத்தார்கள், பிறகு அதற்கு மேல் மாடியை எடுத்தார்கள். ஓப்பரேட்டர் பெண்கள் ஒரு மேசையில் அடங்கியது போய் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர், பேரைச் சொன்ன ஒரு பெண்ணையே தினமும் கேட்டுக் கேட்டுப் போன் அடித்து, கடைசியில் பெண் கேட்டு அப்பா அம்மாவோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து லைனில் யாரும் பேர் சொல்லக் கூடாது, நம்பர்தான் என்று சட்டம் வந்தது. வாடிக்கையாளர்களின் சேதி ரகசியம் என்பதால் ஓப்பரேட்டர் அறைக்கு நம்பர் பூட்டும் போட்டார்கள். கம்பெனி ஆளே ஆனாலும் மற்ற பிரிவுக்காரன் உள்ளே போக முடியாது. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மையார் வந்து, போனில் எப்படிப் பேசுவது என்று எல்லாப் பெண்களுக்கும் பாடம் நடத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தப் பெண் எடுத்தாலும் ஒரே குரல், ஒரே ராகம், ஒரே குட் மார்னிங்.

டெஸ்ட் லைனுக்குப் பதினாலாம் நம்பரைப் போட்டிருந்தார்கள். "ஃபோர்ட்டீன், குட் மார்னிங்" என்று வரும். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழில் பேசினாள். நம்பர் வந்த முதல் வாரம் சாலாக் செலாத்தான் பாசார் பக்கம் நின்றுகொண்டு, பின்னால் லோரி உறுமுகிற சத்தத்தில், அவள் பேரைக் கேட்டேன். சொல்லக் கூடாது என்றாள். சரி, என் பேரையாவது சொல்கிறேன் என்றேன். தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "இங்க ஃபீல்ட் டூன்னு போட்டிருக்குண்ணே. அதுவே போதும்லா."

துணிக்கடை பாய்

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய், தன் பேஜர் கத்துவதே இல்லை என்று புகார் மேல் புகாராகக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அனுப்பினார்கள். கடையில் சேலைக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. துணி அடுக்குதான் தடுக்கிறதோ என்று நினைத்து, கல்லாப் பக்கம், பின்கட்டு, படிக்கு அடியில் என்று எல்லா இடத்திலும் அவருடைய பேஜரை வைத்துப் பார்த்தேன். பதினாலுக்குப் போன் அடிக்க அடிக்க அவள் அனுப்பினாள். எங்கே வைத்தாலும் நன்றாகக் கத்தியது. "சிக்னல் ரொம்ப நல்லா இருக்கு பாய்" என்றேன். அவர் பேஜரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகன்கள் இரண்டு பேர் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், அவர்கள் கூப்பிடுவார்கள் என்றுதான் வாங்கினாராம். "பேஜர்ல கோளாறு இல்லேன்னா, கோளாறு எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் அதை எப்படிச் சொல்வது?

வெளியே வந்து பதினாலிடம் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுகை முடிந்து அவர் கடைக்குத் திரும்புகிற நேரத்தில் அவருக்கும் ஒரு டெஸ்ட் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றாள். ஆனால் அனுப்பினாள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது பாய் என்னைப் பிடித்து நிறுத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பேஜரை எடுத்துக் காட்டினார்: "சும்மா டெஸ்ட்டுதான் தம்பி. இருந்தாலும் உங்க கம்பெனி நம்மள மறக்கல பாரு."

குடை

அம்பாங்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரமாக ஒரு பஸ் நிறுத்தம். மத்தியான மழை பிடித்துக்கொண்டது. கோலாலம்பூர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது குடையையும் நனைக்கும், குடை இல்லாதவனையும் நனைக்கும். நிறுத்தத்தில் நான் மட்டும்தான். போன் பூத் பத்தடி தள்ளி இருந்தது. ஓடிப் போய் இடத்தைச் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். பேஜர் கத்தியது. வழக்கமாக 'டெஸ்ட்' என்று ஒற்றை வார்த்தைதான் வரும். அன்றைக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது: டெஸ்ட். குடை இருக்கா?

அதை அழிக்க மனம் வரவில்லை. என் பேஜருக்கு அதுவரை வந்த எல்லாச் சேதியும் சோதனைச் சேதி. என்னைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, தோன்றுகிற மாதிரி ஆளும் இல்லை. சிநேகிதர்கள் கல்யாணம் செய்துகொண்டு ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அம்மாவுக்குப் போன் அடிக்கத் தெரியாது. அப்படியிருக்க, நான் நனைகிறேனா இல்லையா என்று ஒருத்தி கவலைப்பட்டிருக்கிறாள். மறுபடி மழையில் ஓடி அவளுக்குப் போன் அடித்து, கிடைச்சது என்றேன். குடை இல்லை என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் அதே சிங்கப்பூர் ராகத்தில் பதில் வந்தது: "அப்போ ஏண்ணே மறுபடி நனைஞ்சுகிட்டு வந்தீங்க? மழை விட்ட பிறகு சொன்னா நான் ஓடிப்போயிடுவேனா?"

ஏறி இறங்கி

லிஃப்ட்டுக்குள் பேஜர் கத்துமா என்று பார்ப்பதும் என் வேலைதான். புதிதாகக் கட்டிய ஒரு உயர்ந்த கட்டடத்தில் காலையில் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் பார்க்க வேண்டும். லிஃப்ட்டுக்குள் போன் கிடையாது. அதனால் கீழே இறங்கி பதினாலிடம் சொல்லிவிட்டு மேலே போவேன், மறுபடி கீழே வருவேன். என்னோடு ஏறியவர்கள் அவரவர் மாடியில் இறங்கி, வேலை பார்த்து, சாப்பிட்டு, மறுபடி ஏறினார்கள். நான் மட்டும் என் இடுப்பையே குனிந்து பார்த்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் கட்டடக் காவலர் உள்ளே வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். பெரிய மீசை, கையில் வாக்கி டாக்கி. கம்பெனி அட்டையைக் காட்டினேன். அதைப் படித்தும் அவருக்குச் சமாதானமாகவில்லை. வேலை என்றால் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் இல்லையா? என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திட்டாமல், கொஞ்சம் பரிதாபமாகவே கேட்டார்: "காலையிலேருந்து ஏறுறீங்க, இறங்குறீங்க. யாரைத்தான் பாஸ் தேடுறீங்க?"

என் மேசை

வாரம் முழுக்க வெளியே சுற்றிவிட்டு, அறிக்கை கொடுக்க மட்டும் ஆபீசுக்குப் போவேன். ஒரு தடவை போனபோது என் மேசையில் ஒரு சேல்ஸ்மேன் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அந்த அறையே இல்லை, சுவரை இடித்துவிட்டிருந்தார்கள். அதற்கடுத்த தடவை வாசலில் கண்ணாடிக் கதவும், அதற்குப் பின்னால் புதிதாக ஒரு வரவேற்புப் பெண்ணும் முளைத்திருந்தார்கள். நான் வெயிலில் கறுத்து, சட்டை நனைந்து, தோளில் பையோடு நேராக உள்ளே நடந்தேன். அவள் எழுந்து நின்று மிக மரியாதையாகக் கேட்டாள்: "யாரைப் பார்க்கணும் சார்? அப்பாய்ன்ட்மென்ட் இருக்கா?"

அம்மா

அந்த வருஷம் அம்மா தவறிவிட்டார். கிள்ளான் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் நான் கிளம்பும்போதும் ராத்திரி வரும்போதும் "சாப்டியாப்பா" என்று கேட்பார். நாள் முழுக்க நான் பேசுகிற பேச்சில் அதற்குச் சொல்கிற பதில்தான் நீளமானது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, சாலாக் செலாத்தானிலிருந்து போன் அடித்தேன். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று பதினாலு கேட்டாள். சொன்னேன். போனை வைத்தேன். பேஜர் கத்தியது. டெஸ்ட். சாப்டாச்சா? அன்றிலிருந்து மத்தியானச் சேதியில் அந்த வார்த்தை தவறாமல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சில நாள் அதற்காகவே சாப்பிட்டேன். ஆச்சு என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் பதினாலுக்கு ஞாபக மறதி அதிகம். எந்த ஊர் என்று ஏற்கெனவே கேட்டதையே மறுபடி கேட்பாள். ஒரு நாள் குடையை வைத்துக் கிண்டல் செய்வாள், மறுநாள் எந்தக் குடை என்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வேன். அம்மா போய் இரண்டு மாதம் இருக்கும். ஷா ஆலத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவே நின்று "கிடைச்சது" என்றேன். எதையோ பேச வேண்டுமே என்பதற்காகப் பதினாலு, அம்மா எப்படி இருக்காங்க, இப்பவும் உங்க சமையலத்தானே குறை சொல்றாங்க என்று கேட்டாள். மறந்துவிட்டாய் என்று சொன்னால் அவள் வருத்தப்படுவாளே என்று, நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். சொன்னதும், யாரோ ஒருத்திக்காவது அம்மா இன்னும் இருக்கிறார் என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பதினாலு சந்தோஷமாகச் சொன்னாள்: "அப்போ நான் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே."

பேமிலி டே

கம்பெனி அத்தனை பெரிதாகிவிட்டதால் பேமிலி டே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஷா ஆலம் ஏரிப் பூங்கா. எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், பிள்ளைகளுக்குக் கோணி ஓட்டம், பெரியவர்களுக்குக் கயிறு இழுப்பு, எல்லோருக்கும் பிரியாணி. கூப்பன் கொடுக்கிற பெண், பேமிலி எத்தனை பேர் என்று கேட்டாள். என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "ரெண்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கூப்பன் கிழித்துக் கொடுத்தாள். பதினாலும் வருவாள், அவளைக் கண்டுபிடித்து, ஒரு மரத்தடியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் திட்டம். அதற்கு மேலும் கொஞ்சம் திட்டம் இருந்தது. அதை உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், கல்யாணம் வரை யோசித்து வைத்திருந்தேன்.

ஓப்பரேட்டர் பெண்கள் ஏரிக்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன், குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று. போனில் ஒரே குரலாக இருந்தவர்கள் பூங்காவில் ஆளுக்கொரு குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சீனப் பெண்ணிடம், ஃபோர்ட்டீன் வந்திருக்கிறாரா என்று கேட்டேன். "ஃபோர்ட்டீன் டூட்டி லா" என்றாள். நியாயம்தான். ஊரே பேமிலி டேக்கு வந்தாலும் பேஜர் கத்தத்தானே வேண்டும்.

அப்போதுதான் நடராஜா தொப்பியோடு வந்து என் தோளைத் தட்டினார். அடுத்த மாதத்திலிருந்து டெஸ்ட் எல்லாம் கம்ப்யூட்டரே செய்யுமாம். வேனில் ஒரு மெஷினை வைத்து ஓட்டினால் கத்துகிற இடமும் கத்தாத இடமும் தானாகவே பதிவாகிவிடுமாம். டெஸ்ட் லைனை மூடுகிறார்கள். என்னை ஷா ஆலம் கிடங்கில், பேஜர் பெட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல சேதி கொண்டுவந்த முகத்தோடு அவர் சொன்னார்: "இனி நீர் வெயிலுக்கை திரியவும் தேவையில்லை, ஒருத்தருக்கும் போன் அடிக்கவும் தேவையில்லை. சந்தோஷம்தானே?"

மாடிப்படி

இரண்டு கூப்பனுக்கும் பிரியாணியைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, பூங்காவை விட்டு நேராகப் பஸ் ஏறினேன். லைன் மூடிவிட்டால் அவளை எப்படிக் கண்டுபிடிப்பேன்? பேர் தெரியாது, முகம் தெரியாது. மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும், அவள் அந்த மாடிப்படியில் இறங்கித்தான் ஆக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஓரமாக, கையில் பொட்டலச் சூட்டோடு நின்றேன். மூன்று மணிக்கு மேலே கதவு திறந்தது. சில பெண்கள் இறங்கினார்கள், சிலர் என்னைத் தாண்டி ஏறினார்கள். யாரைப் பார்த்து என்ன கேட்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒன்றுதான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, போனில் சொல்கிற மாதிரியே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்: "கிடைச்சது."

இரண்டு பேர் திரும்பினார்கள். இறங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, ஏறிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே ராகத்தில், "ஃபீல்ட் டூவா?" என்றார்கள். நான் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். உங்களில் யார் பதினாலு என்று கேட்டேன். இறங்கியவள் சிரித்துவிட்டாள். "ஃபோர்ட்டீன்னா ஆளு இல்லண்ணே, நாற்காலி. டெஸ்ட் லைன் அந்த நாற்காலியிலதான் இருக்கு. ஷிப்ட்டுக்கு ஒருத்தி உட்காருவோம், மொத்தம் மூணு பேரு." குடை கேட்டது தான்தான் என்றாள். "சாப்டாச்சா"வை ஆரம்பித்தது ஏறியவளாம். நல்லா இருக்கே என்று மற்ற இருவரும் அதையே பிடித்துக்கொண்டார்களாம். துணிக்கடை பாய்க்கு வெள்ளிக்கிழமைகளில் அனுப்புவது, இன்று லீவில் இருக்கிற மூன்றாவது பெண். அப்படியென்றால் அம்மா சௌக்கியமா என்று கேட்டது யார் என்று நான் கேட்கவில்லை. ஏறியவளே முந்திக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மா தவறிட்டாங்கன்னு ஒரு ஃபீல்ட் டூ என்கிட்ட சொன்னாரு, நல்லா இருக்காங்கன்னு இன்னொரு ஃபீல்ட் டூ இன்னொருத்திகிட்ட சொன்னாரு. அது... நீங்க எந்த ஃபீல்ட் டூண்ணே?"

இரண்டும் நான்தான் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பொட்டலங்களை நீட்டினேன், ஆளுக்கொன்று. கல்யாணம் வரை போட்டு வைத்த திட்டம் பூக்கடை ஓரத்தில் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. என்னிடமிருந்து ஒருத்தி போய்விட்ட மாதிரி வலித்தது. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்பதால் யாரிடம் போய் அழுவது? இறங்கியவளுக்குப் பஸ் வந்துவிட்டது, கையை ஆட்டிவிட்டு ஓடினாள். ஏறியவளுக்கு நேரமாகிவிட்டது, மேலே நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. "உங்களுக்கு? சாப்டாச்சா?" என்று கேட்டாள். முதல் தடவையாக அந்தக் கேள்வி எனக்கு நேரில், ஒரு முகத்திலிருந்து வந்தது. ஆச்சு என்று பொய் சொன்னேன். அவள் பாதிப் படி ஏறிப்போய், என்னவோ கணக்குப் போட்டுப் பார்த்தவளைப் போல நின்று திரும்பினாள்: "காலையில கிள்ளான்ம்பீங்க, மத்தியானம் அம்பாங்ம்பீங்க, ஃபீல்ட் டூன்னு நாலு பேரு இருக்கீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம். அத்தனை இடத்துக்கும் நீங்க ஒரே ஆளாவாண்ணே போனீங்க?"

ஒருத்தியை மூன்று பேராகவும், நாலு பேரை ஒருவனாகவும் ஆக்கிக் காட்டிவிட்டு, அந்த மாதக் கடைசியில் கம்பெனி அந்த லைனை மூடியது.